பேரிக்காய் கடிக்கும் சத்தம்

கெதின் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து அந்த ஆளிடமிருந்து எனக்கு வந்த முதல் சேதி. அதுவும் எனக்கென்று வரவில்லை. எங்கள் இசைக்குழுவின் பழைய ஒலிப்பதிவுகளை இசைத்தட்டாகப் போட ஒரு சின்னக் கம்பெனி முன்வந்திருந்தது. குழுவில் இருந்த மூன்று பேரும் சம்மதம் தர வேண்டும் என்று சட்டம். நானும் லயனலும் போட்டாயிற்று. கெதின் போட மாட்டான் என்று நினைத்தேன். போட்டிருந்தான்.

கையெழுத்துக்குக் கீழே, வேறு யாரோ குண்டுகுண்டாக எழுதிய ஒரு வரி இருந்தது. அவன் மகளாக இருக்க வேண்டும். கெதினுக்குக் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் எழுத வராது.

"அந்தக் குரலையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஊரே ஒரு தடவை சிரித்தாகிவிட்டது, இன்னொரு தடவை சிரித்தால் என்ன."

நான் அதை லயனலிடம் வாசித்துக் காட்டினேன். அப்போது நாங்கள் இமோஜென் வீட்டுச் சமையலறையில் இருந்தோம். கெட்டுப்போன பழைய டேப்புகளைத் தேற்றுவது இமோஜெனுக்குத் தொழில். எங்கள் டேப்புகளுக்கும் அவள்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் குரலு?" என்றேன். "இவன் என்னைக்குப் பாடினான்? டிரம்மு அடிக்கறப்ப வாயைத் திறந்தா நாக்கைக் கடிச்சுக்குவான்."

"வயசாச்சுல்ல, குழம்பியிருப்பான்" என்றான் லயனல். "கையெழுத்து கிடைச்சுதுல்ல, விடு."

லயனல் எதையும் "விடு" என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. எனக்கு வேறு எரிச்சல். போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன், இப்போது எனக்குப் புரியாதபடி குத்தலாக ஒரு வரி அனுப்புகிறான் என்ற எரிச்சல்.

எங்கள் குழுவுக்குச் 'சனிக்கோளில் டீ' என்று பெயர். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் எல்லாக் குழுக்களின் பெயரும் அப்படித்தான். லயனல் கீபோர்டு, கெதின் டிரம், நான் பேஸ் கிதார். ஹெரிஃபோர்ட் பக்கம் ஓர் இடிந்த பண்ணை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் யாரென்று எங்களுக்கும் தெரியாது, நாங்கள் இருப்பது அவருக்கும் தெரியாது. ஒரே பாட்டை முக்கால் மணி நேரம் வாசிப்போம். கேட்பவர்கள் புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பார்கள். வார்த்தை கிடையாது, ஆரம்பம் முடிவு கிடையாது. விண்வெளியில் மிதப்பதுபோல இருக்க வேண்டும் என்பான் லயனல். விண்வெளிக்குப் போகாதவன் சொன்னதை நாங்களும் நம்பினோம்.

எங்களைப் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்திருந்தாலும் லயனல் கதவைச் சாத்தியிருப்பான். வெற்றுக் கேசட்டு ஒன்றும், தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் யார் அனுப்பினாலும் அதில் எங்கள் பதிவை ஏற்றித் திருப்பி அனுப்புவோம். அதை வாங்கியவன் தன் நண்பனுக்கு ஏற்றிக் கொடுப்பான். அப்படித்தான் பரவியது. ஃபின்லாந்து வரைக்கும் போனது.

கெதினும் நானும் அந்த வீட்டில் மூன்று வருஷம் கணவன் மனைவியாக இருந்தோம். மோதிரம் மாற்றவில்லை, அவ்வளவுதான். அவன் வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்குப் பையன். அதிகம் பேச மாட்டான். நான் கத்துவேன், அவன் போய் விறகு பிளப்பான். 1977 செப்டம்பரில் ஒரு நாள் காலையில் எழுந்தால் ஆள் இல்லை. கோட்டு இல்லை, பை இல்லை. எழுதத் தெரியாதவன் என்று தெரிந்தும் தலையணையைப் புரட்டினேன், டீத்தூள் டப்பாவுக்குள் பார்த்தேன், காலணிகளைக் கூட உதறிப் பார்த்தேன். ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அவனுடைய பெரிய டிரம்மை உருட்டிக்கொண்டு போய் வாத்துக் குளத்தில் தள்ளினேன். அது மூழ்க மாட்டேன் என்றது. கல்லால் அடித்து மூழ்கடித்தேன். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு கல்யாணம் ஆகி இரண்டும் முறிந்தன. எந்தச் சண்டையிலும் கடைசியில் நான் சொல்வது ஒன்றுதான்: "போறதுன்னா சொல்லிட்டுப் போ." இரண்டு பேரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

எங்கள் புகழ்பெற்ற பதிவு, புகழ் என்று சொல்லலாமென்றால், கெதின் போன அன்று காலையில் பதிந்ததுதான். 'மூன்றாம் வளையம்' என்று அதற்குப் பெயர். டிரம்மே இல்லாமல் நாற்பத்தைந்து நிமிஷம். டிரம் அடிக்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். ரசிகர்களோ அது பெரிய துணிச்சல் என்றார்கள். முதலில் 'கறுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ராக்கெட் கழலும் சத்தம், பனிப்பாறை உடையும் சத்தம் என்றெல்லாம் அவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். நான் பேரிக்காய் கடித்த சத்தம் அது. நாங்கள் வாசிக்கும் கொட்டிலுக்குள் போனபோது டேப் மெஷின் மேல் ஒன்று இருந்தது, கோபத்தில் எடுத்துக் கடித்தேன். கெட்டிப் பேரிக்காய் என்றால் எனக்கு உயிர். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ராக்கெட் என்று நம்புகிறவனிடம் போய்ப் பேரிக்காய் என்று சொல்ல மனசு வருமா?

கடைசி ஏழு நிமிஷம்தான் அதைவிடப் பிரசித்தம். இசை அடங்க அடங்க, ஒரு விசித்திரப் பேச்சு மேலே வரும். இழுத்து, விழுங்கி, மூச்சை உள்ளே வாங்குவதுபோல ஒரு பாஷை. சனிக்கோள்காரர்கள் பேசுகிறார்கள் என்று ரசிகர்கள் வைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும், "ரட்ஸே" என்று. எங்கள் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் "ரட்ஸே" என்பார்கள். ஹாலந்துக்காரர் ஒருவர் அந்தப் பாஷைக்கு நாற்பது பக்கத்தில் அகராதியே எழுதினார். 'ரட்ஸே' என்றால் 'சமாதானம் உண்டாகட்டும்' என்று போட்டிருந்தார். ஒரு பெண் அதைத் தோளில் பச்சை குத்திக்கொண்டு வந்து காட்டினாள். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மதுக்கடை மாடியில் முப்பது பேர் வட்டமாக நின்று அந்த ஏழு நிமிஷத்தையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். ஒரு சொல் பிசகாமல்.

அதை எப்படிச் செய்தாய் என்று லயனலைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு, "கீபோர்டும் என் வாயும், அவ்வளவுதான்" என்பான். நாங்கள் வாசித்து முடித்தபோது அப்படி ஒன்றும் கேட்கவில்லையே என்றேன் ஒரு தடவை. "அப்புறம் சேத்தேன்" என்றான். அவன் மேதை என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை காலை அந்த மூல டேப்பின் முறை வந்தது. நாற்பது வருஷம் லயனல் வீட்டுப் பரணில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்த டேப். பழைய டேப்புக்கு வியாதி வரும். பசை கசிந்து சுருளோடு சுருள் ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் சத்தமெல்லாம் உரிந்து வந்துவிடும். அதனால் முதலில் சூட்டில் காய வைக்க வேண்டும். இமோஜென் அதற்கென்று வைத்திருந்தது ஆப்பிள் வற்றல் போடும் மெஷின். பகலெல்லாம் டேப்பைக் காய வைப்பாள், டேப் இல்லாத நாளில் ஆப்பிள் வைப்பாள். அவள் கொட்டகையில் எப்போதும் ஜாம் வாசனை.

டேப்பை ஓட விட்டாள். 'கறுக்' கேட்டது. லயனல் கண்ணை மூடிக்கொண்டான். நான் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆகுமே.

சனிக்கோள் பேச்சு வந்ததும் இமோஜென் தலையை நிமிர்த்தினாள். காதில் இருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"லயனல், இதை அப்புறம் சேத்ததா சொன்னீங்க?"

"ஆமா."

"இது மூல டேப்பு. அப்புறம் சேத்தது இதுல எப்படி இருக்கும்?"

லயனல் டீயைக் கலக்கினான். அதில் அவன் ஏற்கெனவே சர்க்கரை கலக்கி முடித்திருந்தான்.

இமோஜென் என் பக்கம் திரும்பினாள். "ஹெஸ்டர், நீங்க எந்த மெஷின்ல பதிஞ்சீங்க? வீட்டு மெஷினா?"

"பச்சைப் பெட்டி. பழைய சாமான் கடையில வாங்கினது. ஏன்?"

அவள் டேப்பை விரலில் எடுத்துக் காட்டினாள். வீட்டு மெஷின் டேப்பின் மேல்பாதியில் மட்டும் பதியும். ஓடி முடிந்ததும் சுருள்களை இடம் மாற்றி மாட்டினால், கீழ்ப்பாதியில் எதிர்த் திசையில் பதியும். ஒரே டேப்பில் இரண்டு பக்கம். ஆனால் ஸ்டூடியோ மெஷின் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் வாசிக்கும். அப்போது ஒரு பக்கம் நேராகவும், மற்றொரு பக்கம் தலைகீழாகப் பின்னாலிருந்தும் கேட்கும்.

"அப்ப இந்தப் பேச்சு..."

"மறுபக்கத்துல இருக்கு. யாரோ ஒருத்தர் சாதாரணமாப் பேசியிருக்காங்க. நீங்க இத்தனை நாளா அதைப் பின்னாலிருந்து கேட்டுக்கிட்டிருக்கீங்க."

நான் லயனலைப் பார்த்தேன். அவன் கோப்பையைப் பார்த்தான்.

"டேய், உனக்குத் தெரியுமா?"

"பிரிஸ்டல்ல ஒரு ஸ்டூடியோவுல வச்சுக் கேசட்டுக்கு ஏத்தினேன்ல, அப்ப வந்துச்சு. ஏதோ பழைய டேப்புன்னு நினைச்சேன். ரேடியோ செய்தியா இருக்கும்னு நினைச்சேன். நல்லா இருந்துச்சு ஹெஸ்டர். நானே பண்ணினேன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"நாப்பது வருஷம்."

"சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் தோணிப்போச்சு."

ரேடியோ செய்தி. ஹாலந்துக்காரர் அகராதி போட்டது ரேடியோ செய்திக்கு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. "போடு இமோஜென், கேப்போம். ஏதாவது ஆட்டுச்சந்தை நிலவரமா இருந்தா இவனை நான் உயிரோட விட மாட்டேன்."

"வேண்டாமே" என்றான் லயனல். "திரும்பிக் கேக்கறது நம்ம வழக்கம் இல்ல."

அது எங்கள் வீட்டுச் சட்டம். அவன் போட்டது. வாசித்தது விண்வெளிக்குப் போய்விட்டது, அதைத் திரும்பிக் கேட்பது பாவம். பதிவதோடு சரி. எங்கள் வீட்டில் யாரும் டேப்பை ரீவைண்ட் செய்ததே கிடையாது. டேப் பாதியில் நின்றிருந்தால் விட்ட இடத்திலிருந்து பதிய வேண்டும். முழுதும் ஓடி வலது பக்கச் சுருள் நிறைந்திருந்தால், முதல் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். இரண்டு சுருளையும் இடம் மாற்றி மாட்டிவிட்டு மறுபக்கம் பதிய வேண்டும். எது முன்னால் பதிந்திருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டோம். கெதின் போன அன்று காலையும் நான் அதைத்தான் செய்தேன். வலது சுருள் நிறைந்திருந்தது, மாற்றி மாட்டினேன், பட்டனை அழுத்தினேன்.

இமோஜென் சுருள்களை மாற்றி, மேல்பாதி மட்டும் கேட்கும்படி வைத்தாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு ஆள் தொண்டையைச் செருமினான்.

"ஹெஸ்டர்."

என் கையிலிருந்து பின்னல் ஊசி விழுந்தது.

"ஹெஸ்டர்... ஓடுதா இது? ஓடுது. ஹெஸ்டர், நான்தான். உன்னை எழுப்பலாம்னுதான் வந்தேன். எழுப்பினா எனக்குப் பேச்சு வராது, உனக்குக் கோபம்தான் வரும். அதான் இதுல சொல்லிடறேன். அப்பாவுக்கு ரொம்ப முடியலை. நேத்து கடைக்குப் போனப்ப அங்க ஃபோன் வந்துச்சு. நெஞ்சு முழுக்கக் கரித்தூசி, இனிமே நாள் கணக்குதான்னு டாக்டர் சொல்லிட்டாராம். நான் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

கெதினின் குரல். இருபத்தெட்டு வயசுக் கெதின். இமோஜென் நிறுத்தப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹெஸ்டர், நீயும் வா கண்ணு. விருந்தாளியா இல்ல. அம்மாகிட்ட, நான் கட்டிக்கப் போற பொண்ணுன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காமச் சொன்னது தப்புதான். திட்டு. அங்க வந்து திட்டு. சனிக்கிழமை மத்தியானம் எங்க ஊர் பஸ் நிக்கற இடத்துல நிப்பேன். அந்தச் சனிக்கிழமை வர முடியலைன்னா அடுத்த சனிக்கிழமையும் நிப்பேன். அதுக்கும் வரலைன்னா வேண்டாம்னு அர்த்தம். அப்புறம் அதைப் பத்தி உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கத்தத்தான் உனக்கு வரும், இல்லைன்னு சொல்ல வராது. எனக்குத் தெரியும்."

நடுவில் நீளமாக ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஒரு சேவல் கூவியது. அந்தச் சேவலை எனக்கு அடையாளம் தெரிந்தது. பிறகு அவன் அம்மாவைப் பற்றி, அந்த வீட்டு மாடியறையைப் பற்றி, அங்கே வேலை கிடைக்கும் என்பதைப் பற்றி, நிறுத்தி நிறுத்திப் பேசினான். எங்களோடு இருந்த மூன்று வருஷத்திலும் அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பாதியில நிறுத்தி வச்சா லயனல் இதுக்கு மேலயே பதிஞ்சுடுவான். அதனால கடைசி வரைக்கும் ஓட்டி வச்சிடறேன். நீ ரீவைண்ட் பண்ணிக் கேளு. லயனலுக்குத் தெரியாமக் கேளு, அவன் சட்டம் பேசுவான். மெஷின் மேல ஒரு பேரிக்காய் வச்சிருக்கேன். கல்லு மாதிரி இருக்கு. இந்த வீட்டுல அதை உன்னைத் தவிர யாரும் திங்க மாட்டாங்க. அதைப் பாத்தா உனக்குத்தான் வச்சிருக்குன்னு தெரிஞ்சுக்குவ. ஹெஸ்டர்... ஹெஸ்டர், வந்துடு."

அதற்குப் பிறகு வெறும் டேப் ஓடியது.

ரட்ஸே. ஹெஸ்டரைப் பின்னாலிருந்து சொன்னால் அப்படித்தான் கேட்கும். என் பெயரை ஒருத்தி தோளில் பச்சை குத்திக்கொண்டு நிற்கிறாள். முப்பது பேர் என்னைச் சுற்றி நின்று அவன் என்னைக் கூப்பிட்டதைத் தலைகீழாகச் சொல்ல, நானும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு கூடச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் அவன் பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் அவன் டிரம்மைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. எனக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அவன் வந்தான்" என்றேன். "லயனல், அவன் அந்தத் திருவிழாவுக்கு வந்தான்."

1978 கோடையில் வில்ட்ஷயரில் ஒரு வயல்வெளியில் இலவச இசைவிழா. 'மூன்றாம் வளையம்' அதற்குள் கேசட்டில் ஊரெல்லாம் பரவியிருந்தது. கடைசியில் சனிக்கோள் பேச்சை லயனல் பெரிய ஒலிபெருக்கிகளில் போட்டான். கூட்டம் சிரித்துக்கொண்டே கூடச் சொன்னது. அப்போது டீ விற்கும் வேன் பக்கத்தில் கெதின் நிற்பதைப் பார்த்தேன். தலையில் தொப்பி, சவரம் செய்த முகம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் மைக்கை வாயருகே இழுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, அந்தப் பேச்சை நானும் உரக்கச் சொன்னேன். நீ இல்லாமல் நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் பார் என்று காட்டத்தான். அவன் தொப்பியைக் கழற்றினான், பிறகு மாட்டிக்கொண்டான், போய்விட்டான். வெட்கம் வந்து ஓடினான் என்று நினைத்து அன்றெல்லாம் திருப்தியாக இருந்தேன்.

அவன் டிரம்காரன். தாளத்தைத் தலைகீழாகப் போட்டாலும் அவனுக்குத் தெரியும். தன் குரலைத் தெரியாதா? நான் அதைக் கேட்டேன், கேட்டுவிட்டுப் போகவில்லை, அதோடு விடாமல் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டத் திருப்பிப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டான். நாற்பத்தோரு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். 'ஊரே ஒரு தடவை சிரித்தாகிவிட்டது.'

லயனல் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. "ஹெஸ்டர், எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஒரு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தா..."

"கேக்கலையே! நீயும் கேக்கலை, நானும் கேக்கலை. கேக்கறது பாவமாச்சே!" அவன் கோப்பையைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அது இமோஜென் கோப்பை. அவனை எவ்வளவு திட்டினாலும், சுருளை மாற்றி மாட்டின கை என்னுடையது. பேரிக்காயைத் தின்ற வாயும் என்னுடையது. தின்றுவிட்டுச் சக்கையை ஜன்னல் வழியாக எறிந்தேன்.

என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கெதினிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவானா? எழுபது வயசில் ஒருத்தி திடீரென்று ஃபோன் பண்ணி, நான் கேட்கவே இல்லை, தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

"இமோஜென்" என்றேன், "கேசட்டுல 'கறுக்'குன்னுதான் ஆரம்பிக்கும். நான் மெஷினைப் போட்டுட்டுத்தான் பேரிக்காயை எடுத்தேன். அதுக்கு முன்னாடி ஏதாவது இருக்கா?"

"அதை நான்தான் வெட்டினேன்" என்றான் லயனல் மெதுவாக. "நீ ஏதோ பேசிட்டிருந்த. இசை இல்லைன்னு விட்டுட்டேன். டேப்புல இருக்கும்."

காலையில் அவள் 'கறுக்'குக்கு நேராகத்தான் டேப்பை நிறுத்தி ஓட்டியிருந்தாள். இப்போது சுருள்களை மறுபடி மாற்றி, ஆரம்பத்துக்குக் கொண்டுபோய் ஓட விட்டாள். பலகைத் தரையில் காலடிச் சத்தம். அதன் பிறகு இருபத்தேழு வயசு நான். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்டோம். முடிந்ததும் நான் சம்மதத் தாளை எடுத்தேன். அதன் அடியில் கெதினின் தொலைபேசி எண் இருந்தது. இமோஜென்தான் எண்களை அழுத்திக் கொடுத்தாள்.

ஆறு தடவை மணி அடித்தது. "சொல்லுங்க" என்றது ஒரு கிழக்குரல்.

"கெதின். நான் ஹெஸ்டர்."

எங்கோ ஒரு நாய் குரைத்தது. "தாள்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே" என்றான்.

"போட்டுட்ட. வச்சுடாத. நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. இதை மட்டும் கேளு. அன்னைக்குக் காலையில, நீ போனப்புறம் பதிஞ்சது."

ஃபோனை ஒலிபெருக்கிக்கு முன்னால் நீட்டினேன். இமோஜென் டேப்பை ஓட விட்டாள். காலடிச் சத்தம். என் குரல், அழுகையும் ஆத்திரமுமாக:

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான் லயனல். வீடு பூரா தேடிட்டேன். போறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

தூரத்தில் லயனல்: "வாசி. எல்லாம் சரியாயிடும்."

"இந்தப் பேரிக்காயை எவன் இங்க வச்சான்?"

"எவனோ. தின்னுட்டு ஆரம்பி."

கறுக்.

இமோஜென் நிறுத்தினாள். வைத்துவிட்டானோ என்று ஃபோனைக் காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சு கேட்டது. டேப்பில் கேட்ட அதே மூச்சு, கொஞ்சம் இரைப்போடு.

"நீ கேக்கலையா?" என்றான்.

"இன்னைக்குத்தான் கேட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு."

"ரெண்டு சனிக்கிழமையும் நின்னேன் ஹெஸ்டர்."

"தெரியும். இன்னைக்குத்தான் தெரியும்."

நாய் அடங்கிவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன், சத்தம் வராமல் அழ எனக்கு வராது, அவனுக்குக் கேட்டிருக்கும்.

"இன்னொரு தடவை போடு" என்றான் கெதின்.

இமோஜென் எழுவதற்குள் லயனல் எழுந்தான். உடைந்த கோப்பையைத் தாண்டி மெஷினிடம் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தப் பட்டன் என்று தேடி, ரீவைண்டை அழுத்தினான்.